பீரோ பக்கம் வடக்கு

கல்லூரியின் இயற்கை மன்றத்துக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது இயற்கையைப் பார்த்ததில்லை.

மற்றபடி எல்லாம் இருந்தது. பழைய வேதியியல் கூடத்தை ஒட்டி ஓர் அறை. ஆறு நாற்காலிகள், அவற்றில் நம்பி உட்காரக்கூடியவை நான்கு. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு பீரோ. பீரோவுக்குள் கூடாரம், கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி, ஒரு திசைகாட்டி. வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. "பிள்ளைங்க காணாமப் போனா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு முதல்வர் கோப்பை மூடிவிடுவார். ஆகவே வெளிப்புறத் திறன்கள் அனைத்தும் உட்புறத்திலேயே கற்பிக்கப்பட்டன. கூடாரம் மேஜைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் எழும்பியது. மலையேற்றப் பயிற்சி என்பது மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் கழிப்பறை வரை நாற்பது நடை. தீ மூட்டுவது மட்டும் வாய்மொழியாக நடந்தது, பக்கத்து அறை வேதியியல் என்பதால்.

மன்றத்தின் செயலாளர் தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. சேர்ந்த முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் 'ஏரிக்கரையில் இரண்டு நாள் முகாம்' என்று பார்த்து, மயங்கி, பெயர் கொடுத்தவள். அந்தத் தாள் இன்னும் அதே பலகையில்தான் இருக்கிறது. வருடம் மட்டும் வெள்ளை மை பூசித் திருத்தப்பட்டிருக்கிறது, இரண்டு முறை. இரண்டு முறையும் பூசியவள் அவளே. மூன்றாம் முறை பூச அவள் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டாள்.

இந்த வருடம் முதல்வர் ஒரு படி இறங்கி வந்தார். வனக்காப்பாளர் ஒருவர் சோதித்துப் பார்த்து, 'இவர்களைத் தனியே விடலாம்' என்று எழுதிக் கொடுத்தால் முகாமுக்குக் கையெழுத்து. இல்லையென்றால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, காட்டு விளிம்பில் நட்டிருந்த ஒரு கம்பத்தின் பக்கத்தில், தன் படையை வரிசையாக நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வைத்தியர்; மன்றத்தில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். முதலுதவிப் பொறுப்பு. அடிபடுகிற வரைக்கும் காத்திருக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. வேனிலேயே இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டுவிட்டான். அடுத்தது பறவை. பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பொறுப்பு இவளுடையது. இரண்டு வருடக் குறிப்பேட்டில் இதுவரை காக்கை மட்டும் நானூற்றுப் பதினொன்று. கடைசியாக முடிச்சு. எதைக் கண்டாலும் எதோடாவது கட்டிவைக்கிறவன். முதலாம் ஆண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலாளரின் சொந்தத் தம்பி.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் முடிச்சு.

"வேண்டாம்."

"என்னன்னே கேக்கலையே."

"அதனாலதான் வேண்டாம்."

மன்றத்தின் ஆலோசகரான விலங்கியல் பேராசிரியர், அட்டைப்பூச்சி இருக்கும் என்று யாரோ சொன்னதால், சற்றுத் தள்ளியிருந்த ஓய்வு விடுதிக்குள் ஏற்கெனவே போய்விட்டார். வனக்காப்பாளர் ஐம்பது வயதுப் பெண். வார்த்தையைச் சில்லறை போல எண்ணித்தான் வெளியே எடுப்பார். ஒரு தாளைச் செயலாளரின் கையில் கொடுத்தார். கம்பத்திலிருந்து வடக்கே அறுநூறு காலடியில் வெள்ளை அடித்த பாறை. அங்கிருந்து கிழக்கே நானூறில், ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம். அங்கிருந்து வடமேற்கே முந்நூறில் ஒரு பழைய காவல் மேடை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருக்கும். மூன்று எண்களோடு பன்னிரண்டு மணிக்குள் விடுதிக்கு வர வேண்டும்.

"அவ்வளவுதான். வழி தவறினா விசில் அடிங்க" என்று சொல்லிவிட்டு அவரும் விடுதிப் பக்கம் நடந்தார்.

செயலாளர் திசைகாட்டியை எடுத்தாள். அதன் கண்ணாடியில், ஓரமாக, சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. திசைகாட்டி எப்போதும் பீரோவுக்குள்தான் இருக்கும். பயிற்சியும் பீரோவை ஒட்டிய மேஜையில்தான் நடக்கும். ஊசி எப்போதும் பீரோவையே காட்டும். ஆகவே பீரோ பக்கம் வடக்கு என்று மன்றம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் செயலாளர் கருவியை மைதானத்துக்குக் கொண்டுபோனபோது ஊசி பீரோ பக்கம் காட்டாமல், அதற்கு இடப்புறமாகக் கால் வட்டம் தள்ளி, தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. வெளிக்காற்று பட்டதில் கருவி பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு அவள் வந்தாள். புதிது வாங்கித் தருவார்களா என்ன? ஊசியிலிருந்து வலப்புறம் கால் வட்டம் அளந்து, பொட்டு வைத்து, 'இனி பொட்டே வடக்கு' என்று கூட்டக் குறிப்பில் எழுதினாள்.

அன்றைக்கே முடிச்சு கையைத் தூக்கியிருந்தான். "அக்கா, பீரோ வடக்குன்னா, எதிர் ஜன்னல் தெற்கு. சாயந்தர வெயில் அந்த ஜன்னல் வழியாத்தானே வருது? சூரியன் தெற்குலயா மறையுது?"

"இது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. உக்காரு" என்றாள் செயலாளர். உட்கார்ந்தான். அது உடைந்த நாற்காலி. விஷயம் அந்தச் சிரிப்பிலேயே அமுங்கிப்போனது.

"பொட்டைப் பாத்து நடங்க!" என்று இப்போது கட்டளை பிறந்தது. நடந்தார்கள். முள் கீறியது. வைத்தியருக்கு முகம் மலர்ந்தது. கீறிய இடத்துக்கெல்லாம் கட்டுப் போட நின்றதில் முந்நூறாவது காலடியில் பறவைக்கு எண்ணிக்கை மறந்துபோனது.

"திரும்ப முதல்லேருந்து எண்ணுவோமா அக்கா?"

"தோராயமா போ தாயே."

தோராயமான அறுநூறில் ஒரு பாறை இருந்தது. வெள்ளையாகவும் இருந்தது. ஆனால் அந்த வெள்ளை மேலிருந்து கீழே வழிந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேலே கிளையில் ஏழெட்டுக் காக்கைகள்.

"நானூற்றுப் பதினெட்டு" என்று எழுதிக்கொண்டாள் பறவை.

"எண் கிடைச்சிருச்சா?" என்று ஓடிவந்தாள் செயலாளர்.

"இது என் காக்கா எண்ணிக்கை அக்கா. பாறைல ஒண்ணும் இல்ல. இது பெயின்ட்டும் இல்ல."

"பெயின்ட்தான். மழையில வழிஞ்சிருக்கு. எண்ணும் அழிஞ்சிருக்கும். இதுக்கெல்லாம் நின்னா விளங்கினாப்லதான். அடுத்தது!"

அடுத்தது ஓடை. பொட்டின்படி கிழக்கே திரும்பி நானூறு காலடி நடந்ததும் நீர் ஓடுகிற சத்தம் கேட்டது. செயலாளருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? நம்பினாத்தானே?" என்று புதரை விலக்கினாள்.

ஓடையில் நுரை மிதந்து வந்தது.

"அக்கா, சோப்பு வாசனை அடிக்குது" என்றான் வைத்தியர்.

நுரை வந்த வழியே கண்ணை ஓட்டினால் ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, கதவின் படியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வனக்காப்பாளர். அது ஓய்வு விடுதியின் கொல்லைப்புறச் சாக்கடை. ஜன்னல் வழியே பேராசிரியர் உற்சாகமாகக் கையசைத்தார். "சபாஷ்! அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

செயலாளருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. மணி பத்தரை.

வனக்காப்பாளர் மெல்ல எழுந்து வந்து திசைகாட்டியைப் பார்த்தார். "இது என்னம்மா பொட்டு?"

செயலாளர் விளக்கினாள். பீரோ, மைதானம், வெளிக்காற்று, கால் வட்டம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினாள். வனக்காப்பாளர் வாயைத் திறந்தார். பிறகு, சோதனை நடக்கும்போது பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்தவராக மூடிக்கொண்டு, டிபன் பாக்ஸிடமே திரும்பிப் போனார். அவர் தோள் இரண்டும் குலுங்கியதைப் பார்த்து, பாவம், விக்கல் என்று நினைத்தான் வைத்தியர்.

"அக்கா" என்றான் முடிச்சு.

"வாயைத் திறந்தே, அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

"என்னன்னு சொல்லுவே? தம்பி சூரியனைப் பாத்தான்னா?" அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "மரத்துக்கு வெளில வந்துட்டோம், நல்லாத் தெரியுது பாரு. காலைல பத்தரை மணி. உன் பொட்டு நேரா சூரியனைக் காட்டுது. காலைல சூரியன் வடக்குலயா நிக்கும்?"

செயலாளர் பொட்டைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். மறுபடி பொட்டைப் பார்த்தாள். தப்பு சூரியன்மேல் இருக்க ஏதாவது வாய்ப்பு உண்டா என்று அவள் யோசித்தது உண்மை. பத்து விநாடிதான் யோசித்தாள்.

பிறகு இரும்பு பீரோ நினைவுக்கு வந்தது. இரும்பு. பள்ளிக்கூடத்தில் காந்தமும் குண்டூசியும் வைத்து ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த இரும்பு. ஒரு மன்றமே ஒரு பீரோவைப் பார்த்து வடக்கு என்று நம்பியிருக்கிறது. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவள் அவள்.

"எல்லாத் திசையும் கால் வட்டம் தப்பு" என்றாள். கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். தரமான நகப்பூச்சு, லேசில் வரவில்லை. சுரண்டி முடித்ததும் திசைகாட்டியைத் தம்பியிடம் நீட்டினாள். "நீ பிடி. என் கைல இருந்தா ஏதாவது ரிப்பேர் பண்ணிடுவேன்."

முடிச்சு உடனே அதில் ஒரு கயிறு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டான்.

கம்பத்துக்கு ஓடினார்கள். இம்முறை பறவை காக்கையைப் பார்க்காமல் காலடியை எண்ணினாள். வைத்தியர் ரத்தம் வந்தால் மட்டும் நின்றான். அறுநூறில் நிஜமாகவே வெள்ளை அடித்த பாறை, அதில் கறுப்பில் 37. நானூறில் நிஜ ஓடை, விழுந்த மரம், 12. அதைத் தாண்டி வடமேற்கே திரும்பியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்புறம் அகலமான வழி. வலப்புறம் முட்புதர்.

இடப்புறம்தான் என்று செயலாளரின் உள்மனம் அடித்துச் சொன்னது. அதே உள்மனம்தான் பீரோவையும் சொன்னது.

"ஊசிப்படி வலப்புறம்" என்றான் முடிச்சு, அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "என்னக்கா, ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல ஓர் அகராதியளவு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நட" என்றாள். முந்நூறு காலடியும் வாயைத் திறக்காமல் முள்ளுக்குள் நடந்தாள். மூன்று வருடப் பயிற்சியில் மிகக் கடினமான பயிற்சி அதுவாகத்தான் இருந்தது. முள்ளின் முடிவில் காவல் மேடை நின்றது. 85.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது விடுதிக்குள் வந்து விழுந்தார்கள். வனக்காப்பாளர் எண்களைச் சரிபார்த்து, பேனாவைத் திறந்தார். "இந்தக் கடிதம் ஒருத்தர் பேர்லதான் போகும். வழி பாத்தவர் யாரோ அவர்தான் முகாமுக்குத் தலைவர். பேர் சொல்லுங்க."

"எங்க செயலாளர்தான்! மூணு வருஷமா இதுக்குன்னே தவம் கிடக்கிறா" என்று முந்திக்கொண்டார் பேராசிரியர்.

அறையில் யாரும் மறுக்கவில்லை. முடிச்சுகூடக் கயிற்றைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தான். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். கனவு கண்ட முகாம், அவள் தலைமையில்.

செயலாளருக்கு ஏரிக்கரை கண்ணில் வந்தது. நடு ஏரியைப் பார்த்து, "இதுதான் பாதை, நடங்க" என்று தான் கட்டளையிடுவதும் சேர்ந்தே வந்தது.

"இல்ல சார்" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் பல் பிடுங்குவது போல வந்தது. "வழி பாத்தது என் தம்பி. நான் பாத்த வழி சாக்கடைக்குப் போச்சு."

வனக்காப்பாளர் நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுதி, மடிக்காமல் நீட்டினார்.

'இவர்களைத் தனியே விடலாம். செயலாளரும் உடன் செல்லலாம். திசைகாட்டியைத் தொடக் கூடாது.'

திரும்பும் வழியில் வேன் முழுக்க ஒரே கும்மாளம். முடிச்சு கழுத்திலிருந்து திசைகாட்டியைக் கழற்றப் பார்த்தான். தான் போட்ட முடிச்சே அவிழவில்லை. வைத்தியர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஆசையோடு நெருங்கினான்.

"யாரும் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள் செயலாளர். "ஏரிக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் அதோடவே தூங்கு, அதோடவே குளி."

"அம்மா கேட்டா?"

"நான்தான் கட்டிவிட்டேன்னு சொல்லு."

கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, முகாம் வேலைகளின் பட்டியலை எழுத ஆரம்பித்தாள். கூடாரம், பொறுப்பு பறவை. கட்டு, பொறுப்பு வைத்தியர், ரத்தம் வந்த பிறகு மட்டும். வடக்கு என்று எழுதி, சற்று நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, எதிரில் தம்பியின் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், பீரோவை வேறு அறைக்கு மாற்றுவது, பொறுப்பு செயலாளர்.