நாலு முப்பத்தேழு

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கடையைச் சொல்வார்கள். நல்ல லேப் எது என்று கேட்டால் மட்டும் எல்லாக் கையும் ஒரே ஆளைத்தான் காட்டும். இரும்புக்கடை இசக்கிப்பாண்டி. போன ஆனி மாதம் அவருக்கு ஓர் ஏப்பம் வந்தது. ஏப்பந்தானே என்று இருந்துவிடாமல் போய்ச் சோதித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் அடைப்பு. நேரத்தோடு கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் கால்கிலோ ஆணி வாங்க வருகிறவனிடம்கூட, "கொலஸ்ட்ரால் பாத்தாச்சா வே?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுகிறார்.

அவருக்கு நேர் எதிரில் அழகியநம்பியின் அரிசிக்கடை. தினம் எட்டு மணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு ஒருவன் எப்படித் தப்புவது?

"முன்கூட்டியே பாத்துத் திருத்திக்கிட்டா ஆளுக்குத் தொண்ணூறு வயசு உறுதியாக்கும்" என்று இசக்கிப்பாண்டி சொன்னதை அழகியநம்பி அப்படியே மணக்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் இறக்கினார்.

முத்தாரம்மாளுக்கு வயது அறுபது. தொண்ணூறு என்றால் இன்னும் முப்பது பாக்கி. வேறொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்குச் சொரேல் என்றது. இன்னும் முப்பது வருஷம் தெருமுனையில் நின்று ஆட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? விழிஞ்ஞம் கடற்கரையில் வள்ளம் வந்து சேர்ந்ததும் துடிக்கத் துடிக்க மீன் வாங்க வேண்டும் என்பது கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுடைய ஆசை. ஆட்டோக்காரர்கள் மீன்கூடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். செத்து ஐஸில் கிடந்த சாளை மீனைத் தின்றே முப்பத்தெட்டு வருஷம் போயிற்று. மிச்ச முப்பதையும் அப்படியே ஓட்ட அவளால் ஆகாது.

மறுவாரமே ஓமனா என்பவள் நடத்தும் லேடீஸ் டிரைவிங் ஸ்கூலில் ஸ்கூட்டர் ஓட்டப் பெயர் கொடுத்தாள். புருஷனிடம் சொன்னது, பஜனை வகுப்பு.

ஏன் பொய் என்று கேட்டால், அழகியநம்பியின் சுபாவம் அப்படி. அவள் ஸ்டூல்மேல் ஏறி ஒட்டடை அடித்தால் கீழே நின்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருப்பவர் அவர். ஸ்கூட்டர் என்று தெரிந்தால் சண்டை போடமாட்டார். சாப்பிடாமல் இருப்பார். சண்டை போடுகிற புருஷனைச் சமாளிக்க ஆயிரம் வழி உண்டு, சாப்பிடாத புருஷனை என்ன செய்வது?

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெள்ளிக்கிழமை முட்டத்தறை மைதானத்தில் லைசன்ஸுக்கான டெஸ்ட். கால் தரையில் படாமல் எட்டு போட வேண்டும். ஓமனாவின் கணக்கில் முத்தாரம்மாள் பத்துக்கு ஒன்பது தடவை எட்டைப் போட்டுவிடுவாள். பத்தாவது மட்டும் ஏழு மாதிரி வரும்.

அதற்கு முந்தின வாரம்தான் அழகியநம்பி இருவருக்கும் சேர்த்து முழுச் சோதனைக்கு நாள் குறித்தார். ரத்தம், சர்க்கரை, கண், எலும்பு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது, முத்தாரம்மாளின் இசிஜியைத் தவிர. அங்கங்கே ஒரு துடிப்பு கூடுதலாக இருக்கிறதாம்.

"பேடிக்க ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர் ஸ்ரீகுமார். மலையாளி, ஆனால் சாலைத் தமிழர்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழும் வந்துவிட்டது. "இருபத்துநாலு மணிக்கூர் நெஞ்சில ஒரு சின்ன மெஷின் மாட்டி விடறேன். அது எல்லாத் துடிப்பையும் எழுதி வைக்கும். அம்மாவுக்கு ஒண்ணு."

"ரெண்டாப் போடுங்க" என்றார் அழகியநம்பி.

"சாருக்கு எதுக்கு?"

"இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு."

நாற்பது வருஷம் மொத்த வியாபாரம் செய்தவருக்கு எதையும் ஒற்றையாக வாங்கத் தெரியாது. பெண்டாட்டி தனியாக மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்க மனசு வரவில்லை என்பதும் உண்டு. அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் வயதையும் பிடிவாதத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி, இவருக்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் தலையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நீது என்ற பெண் முத்தாரம்மாளின் நெஞ்சில் ஐந்தாறு வயர்களை ஒட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டாள். அழகியநம்பிக்கும் அப்படியே ஒன்று. ஆளுக்கு ஒரு தாளும் கொடுத்தாள்.

"எப்பவும் போலவே இருக்கணும் ஆன்ட்டி. என்ன செய்யறீங்களோ நேரம் போட்டு இதில எழுதணும். குளிக்கக் கூடாது, கழட்டக் கூடாது. கழட்டினா கோடு நேரா போயிடும். ஆளு இல்லைன்னு ஆயிடும்."

மத்தியானம் முழுக்க முத்தாரம்மாள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். டெஸ்டுக்கு முன்னால் ரோட்டில் ஓட்டிப் பழக இதுதான் கடைசி வகுப்பு. போனால் பெட்டி காட்டிக்கொடுக்கும். போகாவிட்டால் வெள்ளிக்கிழமை எட்டு ஏழாகும். கழற்றலாம் என்றால் ஆளே இல்லை என்று ஆகிவிடும். மூன்றே முக்காலுக்குப் பெட்டியைப் பார்த்து, "எப்பவும் போல இருக்கணும்னுதானே சொன்னா? எப்பவும் நான் வகுப்புக்குத்தான் போறேன்" என்று சட்டம் பேசிவிட்டுப் புறப்பட்டாள்.

ஓமனா பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ள, முத்தாரம்மாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மணக்காட்டிலிருந்து வண்டியை விட்டாள். அட்டக்குளங்கரை வரைக்கும் ராணிதான். அங்கே ஏதோ ஊர்வலம். போக்குவரத்துப் போலீஸ்காரர் நீளமாகக் கையை நீட்டி எல்லா வண்டியையும் சாலைக் கடைத்தெருவுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அங்க வேண்டாம் ஓமனா!"

"பேடிக்கண்டா அம்மா! நேரே போ!" என்றாள் ஓமனா. அவளுக்கு எங்கே தெரியும், இந்த அம்மா பயப்படுவது லாரிக்கு இல்லை, ஓர் அரிசிக்கடைக்கு என்று?

சாலைக்குள் நுழைந்தால் பின்வாங்குகிற பேச்சே கிடையாது. முன்னால் வெங்காய லாரி, இடப்பக்கம் ஆட்டோ, வலப்பக்கம் தலையில் மூட்டையோடு ஓடுகிற சுமட்டுக்காரர்கள். அழகியநம்பியின் கடைவாசலில் அரிசி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் சாயா கிளாஸோடு நின்றிருந்தார். முத்தாரம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி தெரிந்தது. முறுக்கினாள். நுழைந்தாள். வெளியே வந்துவிட்டாள்! வந்த வேகத்தில் வாய்விட்டுச் சிரித்தும்விட்டாள்.

கிழக்கேகோட்டை வந்தும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பதினாறு வயதில்கூட அப்படிச் சிரித்ததில்லை. ஓமனாவும் சிரித்தாள். சிக்னலில் நின்ற பஸ் கண்டக்டரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தாளில் எழுதினாள்: "4 முதல் 5 வரை பஜனை."

வியாழக்கிழமை மாலை, டெஸ்டுக்கு முந்தின நாள், இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முத்தாரம்மாளைப் பார்த்தார்.

"நாலு முப்பத்தேழுக்கு நெஞ்சு நூத்தம்பத்திரண்டு துடிச்சிருக்கு. அம்மா பஜனைன்னு எழுதியிருக்கீங்க. உக்காந்துதானே பாடுவீங்க?"

"ஆமா டாக்டர்" என்றாள்.

"சும்மா உக்காந்திருக்கும்போது இத்தனை வந்தா அதை விட முடியாது. நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிருங்க. ரெண்டு மூணு சோதனை பாக்கணும்."

நாளைக் காலை! முட்டத்தறை மைதானமும் விழிஞ்ஞத்து மீனும் அவள் கண்முன்னால் கப்பலேறிப் போயின. உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி இல்லை, ஆனால் இவர் சாப்பிடமாட்டார். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அழகியநம்பி தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், பஜனையில சில பாட்டு ரொம்ப வேகமாப் போகும் கேட்டேளா. தாளம் கூடக்கூட நெஞ்சும் கூடும்லா?"

"நூத்தம்பத்திரண்டா சார்?"

"கை தட்டிப் பாடுவாங்க. எந்திரிச்சும் பாடுவாங்க. இவ கொஞ்சம் பக்தி கூடுன ஆளாக்கும்."

முத்தாரம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி நம்புகிற மனுஷனிடமா பொய் சொன்னோம்? பூனைக்குட்டியைப் பையில் எத்தனை நாள் கட்டிவைப்பது? வருவது வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பஜனை இல்ல டாக்டர். ஸ்கூட்டர். நாளைக்கு எனக்கு லைசன்ஸ் டெஸ்டு. அன்னைக்குச் சாலைக்குள்ள ஓட்டுனேன். லாரிக்கு எடையில பூந்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "சாலைக்குள்ளயா? நான் கார் ஓட்டிப் போனாலே எனக்கு நூத்தம்பது வரும்! அப்போ இது நோய் இல்லை அம்மா. பாருங்க, ஏறினது மூணே நிமிஷத்தில இறங்கியும் போச்சு. நல்ல ஹார்ட். அந்தக் கூடுதல் துடிப்பும் விரல்விட்டு எண்ணுற அளவுதான். அட்மிஷன் வேண்டாம். தாராளமா ஓட்டுங்க."

முத்தாரம்மாள் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் கோபமாக இல்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ சாரோடது" என்றார் டாக்டர். பார்த்தவருக்குப் புருவம் ஏறியது. "இது எந்தா சார்? இங்கேயும் நாலு முப்பத்தேழு. நூத்து நாப்பத்தெட்டு. 'சாயா குடித்தேன்'னு எழுதியிருக்கீங்க."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மெல்லக் கீழே இறங்கியது.

"சாயா கொஞ்சம் சூடா இருந்து" என்றார் அழகியநம்பி.

"ஏங்க," முத்தாரம்மாள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "பாத்தீங்களா? ஹெல்மெட்டுலா போட்டிருந்தேன்?"

"ஹெல்மெட்டு தலைக்குத்தானே போட்டிருந்த? முப்பத்தெட்டு வருஷமாப் பாக்கிற முதுகு எனக்குத் தெரியாதாட்டி?"

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவியே" என்றார். "சிரிச்சுக்கிட்டுலா போன."

டாக்டர் திரையில் விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார்.

"அம்மாவுக்கு மூணு நிமிஷத்தில இறங்கினது சாருக்கு இறங்கவே இல்லையே. அஞ்சு மணிக்கு நூத்திப் பத்து. ஆறு மணிக்கும் நூத்திப் பத்து. எதுக்கு சார்?"

"வீடு சேந்தாளான்னு தெரியல. போன் போட்டா ஓட்டிக்கிட்டே எடுப்பாளோன்னு போடல. லோடு எறங்கிட்டு இருந்துது, விட்டுட்டு வரவும் முடியல."

"ஆறு இருபதுக்கு ஒரேயடியா எழுபத்திரண்டுக்கு வந்திருக்கு."

முத்தாரம்மாள் மேசைமேல் கிடந்த அவருடைய தாளை எடுத்தாள். கோணல்மாணலான கடைக்கையெழுத்து. "6.20. வீட்டுக்கு வந்தேன். முத்தாரு தோசை சுடுகிறாள்." கடையடைக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அன்று அவர் வந்து அடுக்களை வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. பசிக்கிறதாக்கும் என்று நினைத்து அதட்டி உட்காரவைத்திருந்தாள். இப்போது சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை முகம் முழுக்க மூடிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மருந்து ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். "சார்தான் கவனிக்கணும். நாள் முழுக்க உக்காந்தே இருக்கீங்க. தினம் அரைமணி நேரம் நடக்கணும். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்."

வெளியே வந்து படியிறங்கும்போது அழகியநம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் வைத்து அவர் அப்படிப் பிடித்ததே கிடையாது.

"நாளைக்கு நானும் முட்டத்தறைக்கு வாறேன்."

"வேண்டாம். நீங்க நின்னு பாத்தா எனக்குக் கால் தரையில போயிரும்."

"கேட்டுக்கு வெளிய நிக்கேன்."

"அங்க நின்னா ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாண்டாம். முடிஞ்சதும் நீ வெளிய வந்தாப் போதும்."