டியூப் கட்டிய பட்டன்

கம்பி என் கையிலேயே இருந்தது. கீழே போடச் சொல்லி யாரோ கத்தினார்கள். விரல்கள் விரியவில்லை. எங்கள் சூப்பர்வைசர் தரையில் குப்புறக் கிடந்தான். அவன் காதோரம் சிதறிக் கிடந்த தகர மூடிகளுக்கு நடுவே ரத்தம் வழி தேடிக்கொண்டு போயிற்று. மூடி அடிக்கும் பிரஸ் மெஷின்களுக்கு டை என்கிற அச்சை மாட்டுகிற டை மாமாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியைப் பிடுங்கினார். அவர் உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது.

"நீ அடிக்கல. கேக்குதா? நீ இங்க வரவே இல்ல. அக்கா காலைப் பிடி, தூக்கு."

நான் அக்காவின் காலைப் பிடித்தேன். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து அவளை வெளியே கொண்டுவந்தோம்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது டப்பாவுக்கு மூடி அடிக்கிற பட்டறை. வெளிச்சம் வருவதற்கு முன்பே பிரஸ்கள் இறங்கி ஏற ஆரம்பித்துவிடும். தரை அதிர்வது பாதம் வழியாக ஏறிப் பல்லில் கூசும். எண்ணெயும் சூடான தகரமும் கலந்த வாடை தின்கிற சோற்றிலும் இருக்கும். அக்கா பிரஸ்ஸில் நிற்பாள். அவள் அடித்துத் தள்ளுகிற மூடிகளை நான் கூடையில் அள்ளிப் பிசிறு பார்ப்பேன். பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ரூம்களில் ஒன்றில் அவளும் நானும்தான் இருக்கிறோம். எங்களுக்கு வேறு யாரும் கிடையாது.

பிரஸ்ஸில் இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இடது பட்டனைச் சைக்கிள் டியூப் துண்டால் அழுத்திக் கட்டியிருப்போம். இடது கை தகரத்தை உள்ளே வைக்கும், வலது கை அழுத்தும். வேலை பறக்கும்.

முன்பெல்லாம் யாரும் கட்டியதில்லை. அப்போது இந்தத் தெருவில் மூன்று பட்டறைகள் இருந்தன. ஒன்றில் கூலி சரியில்லை என்றால் அடுத்ததில் போய் நிற்கலாம். எங்கள் முதலாளி மற்ற இரண்டையும் வாங்கிப் பூட்டுப் போட்டார். ரூம்கள், தண்ணீர் லாரிகள், தெருமுனை ஆஸ்பத்திரி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போயின. அதற்கப்புறம் மூடிக்கான கூலி இறங்கியது. மறுபடியும் இறங்கியது. போக்கிடம் இல்லாதவர்களிடம் கேட்டுக்கொண்டா குறைப்பார்கள்? பழைய கூலியைக் கண்ணால் பார்க்க இரண்டு மடங்கு அடிக்க வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் சூப்பர்வைசர் டியூப் துண்டுகளைக் கை நிறைய அள்ளிவந்து, மிட்டாய் கொடுப்பது போல ஆளுக்கொன்று கொடுத்தான்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். சோதனைக்கு வெளியாட்கள் வந்தால் வாசலில் நின்று விசில் அடிப்பான். உடனே எல்லோரும் டியூபை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். அவிழ்க்கத் தாமதமானால் அன்றைக்கு வேலை கிடையாது. பள்ளிக்கூட மணிக்குக் கூட நாம் இப்படி ஓடியதில்லையே என்று, மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற பேக்கிங் சித்தி கிண்டலடிப்பாள்.

இன்று விடிகாலையில் விசில் கேட்டது. அக்காவின் இடது கை உள்ளே தகரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு அவிழ்த்திருக்கலாம். பழக்கம் முந்திக்கொண்டது. உடம்பைத் திருப்பி வலது கையைக் குறுக்கே நீட்டி டியூபை இழுத்தாள். டியூப் அவிழ்வதற்குள் அவள் இடுப்பு வலது பட்டனில் இடித்தது.

பிரஸ் இறங்கியது. எப்போதும் கேட்கிற அதே சத்தம். தகரத்துக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

டை மாமா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்தார். சிக்கிக்கொண்ட பிரஸ்ஸை ஏற்ற, பக்கத்துச் சக்கரத்தில் நீளக் கம்பியைச் செருகிப் பின்னால் சுற்ற வேண்டும். கம்பியை நான்தான் எடுத்துவந்தேன். அதற்குள் விசில் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். அக்காவின் கை உள்ளே இருக்கும்போதே கத்தியை எடுத்து டியூபை அறுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் மாமாவைச் சக்கரத்தைத் தொட விட்டான். அக்கா கத்தவில்லை. என்னைப் பார்த்து, "கூடையை நகர்த்துடி, மூடியில ரத்தம் படுது" என்றாள். கை வெளியே வந்ததும் சரிந்தாள்.

சோதனைக்கு வந்தவர்களை மாடியில் உட்காரவைத்துவிட்டு முதலாளி இறங்கி வந்தார்.

"பட்டனைக் கட்டினது யாரு?"

"உங்க சூப்பர்வைசர் கொடுத்த டியூப்தாங்க," என்றார் டை மாமா. "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. ரத்தம் நிக்கல."

"வண்டி என்னோடது. ஆஸ்பத்திரியும் என்னோடது. அவளேதான் கட்டினான்னு மேல இருக்கறவங்ககிட்ட எல்லாரும் வந்து சொல்லுங்க. அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பும்."

"அதுக்குள்ள அவ செத்துட்டா?"

"நான் என்ன பண்றது? நீங்கதானே யோசிச்சிக்கிட்டு நிக்கறீங்க."

பேக்கிங் சித்தி தன் சேலையைக் கிழித்து அக்காவின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வண்டி உங்களோடதாவே இருக்கட்டுங்க. தோள் எங்களோடது. தூக்குங்கப்பா."

முதலாளி தலையை அசைத்தார். விசில் ஷட்டரை இழுத்தான். முதலாளியின் காவல் ஆட்கள் தடியோடு உள்ளே புகுந்தார்கள். முதல் அடி சித்தியின் முதுகில் விழுந்தது. மூடிகள் சிதறி எல்லோரும் வழுக்கினார்கள். இறங்கிவந்த ஷட்டருக்கு அடியில் டை மாமா மண்டியிட்டுத் தோளைக் கொடுத்தார். விசில் அவர் வாயில் உதைத்தான். ஷட்டர் இறங்கவில்லை. மறுபடியும் உதைத்தான். மறுபடியும் காலை ஓங்கியபோது, சக்கரத்திலிருந்து உருவிய கம்பியோடு நான் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நினைத்துத்தான் செய்தேனா என்று தெரியாது. கம்பி கனமாக இருந்தது, அது தெரியும்.

அக்காவைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் தப்பிவிட்டாள். இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

மற்றவர்கள் எல்லாப் பிரஸ்ஸிலிருந்தும் டியூபை அறுத்து முதலாளியின் காருக்கு முன்னால் குவித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்களாம். தண்ணீர் லாரிக்காரர்களும் லாரிகளைத் தெருவில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். எங்கள் ரூமைக் காலி செய்ய ஆள் வந்தபோது, அந்தக் கதவைத் தொட்டால் வரிசையில் இருக்கிற எல்லோரும் தெருவில் இறங்குவோம் என்று திருப்பி அனுப்பினார்களாம். இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. பழைய கூலி வேண்டும், இனி டியூப் கட்டமாட்டோம் என்ற பேச்சிலிருந்து மட்டும் ஒருவரும் இறங்கவில்லை.

அந்தத் தள்ளுமுள்ளில் முதலாளியும் காவல் ஆட்களும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, சூப்பர்வைசரை அடித்தது யார் என்று போலீஸ் கேட்டதாம். டை மாமா, நான்தான் என்றாராம். பேக்கிங் சித்தி விடவில்லை. "அவரு உதை வாங்கவே நேரம் பத்தலைங்க, எங்க அடிக்கறது? நான்தான் அடிச்சேன்." பட்டறைக்குள் காலே வைத்திராத லாரிக்காரர் ஒருவரும் எழுந்து நான்தான் என்றாராம். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். போலீஸ்காரர்கள் அலுத்துப்போய், அத்தனை பேரையும் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஊரே தூங்குகிறது. அக்காவும் தூங்குகிறாள். அடுத்த வார்டில் விசில் கிடக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிட்டதென்று முதலாளி தன் ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்க்கவில்லையாம். அவன் மனைவி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன்பு, நான் யாரென்று தெரியாமல், அக்கா ஏதாவது சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டாள். "இவரும் காலையில வெறும் வயித்தோடதாம்மா போனாரு" என்றாள்.

நீ வரவே இல்லை என்று காலையில் சொன்ன டை மாமா, இப்போது என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் மட்டும் வராவிட்டால்தான் சந்தேகம் வருமாம். எல்லோரோடும் சேர்ந்து நீயும் "நான்தான்" என்று சொல்லிவிடு, அத்தனை குரலில் எது யாருடையது என்று எவன் பிரிக்கப்போகிறான் என்றார்.

போவேன். அவர்கள் நடுவில்தான் நிற்பேன். அவர்கள் அத்தனை பேரும் எனக்காகச் சொல்லப்போவது பொய். அதே வார்த்தை என் வாயிலிருந்து வரும்போது மட்டும் நிஜம். விசிலின் மனைவியும் அங்கே வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து நின்றால், நான் அவளிடம் என்ன சொல்வேன்?