வேறு வண்டியின் விசில்

நடத்துனர் அந்த விசிலை ஊதவே இல்லை. பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டிக்கு ஊதிய இரட்டை விசில் அது. அதைக் கேட்டு இவருடைய வண்டி கிளம்பிவிட்டது. நிறைமாதக்காரி ஒருத்தி ஒரு காலைப் படியில் வைத்து மறுகாலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கீழே நின்று அவள் பையை வாங்கிக்கொண்டிருந்த நடத்துனர், "ஐயோ!" என்று அலறி அவளைப் பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். பின்சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போயிற்று. பத்தடி போய்த்தான் வண்டி நின்றது.

பதினோரு வருஷமாக இருவரும் ஒரே வண்டி. நூறு விசிலுக்கு நடுவிலும் இவருடையதைப் பிரித்துச் சொல்கிற காது ஓட்டுநருக்கு. "என் மச்சான் ஊதினா கடைசியில ஒரு இழுப்பு இருக்கும்" என்று பணிமனையில் பீற்றிக்கொள்வார். அந்தக் காது எங்கே போனது? நடத்துனருக்கு நன்றாகவே தெரியும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

முதலில் சிநேகிதர்கள், பிறகுதான் சொந்தம். நடத்துனர் தன் தங்கையை ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்து வீட்டில் "வாங்க மாப்ள", வண்டியில் "வாடா மாப்ள". மாப்பிள்ளைக்கு முதுகுத்தண்டில் வலி. அவருடைய மருத்துவர், போதைக்குப் பழகிவிடும் என்று வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். நடத்துனருக்கு முட்டி அறுவை செய்த மருத்துவரோ கேட்டபோதெல்லாம் எழுதிக்கொடுத்தார். முட்டி எப்போதோ ஆறிவிட்டது. மருத்துவர் அறைக்குள் மட்டும் நொண்டுவார் மனிதர். வெளியே வந்ததும் விடுவிடென்று நடப்பார். எட்டு மாதமாக இந்தக் கூத்து. மாப்பிள்ளைக்குச் செய்கிற உபகாரமாம்! மாத்திரையைத் தன் பையில் வைத்துக்கொண்டு காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று எண்ணிக் கொடுப்பதால் எல்லாம் தன் கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பினார். ஏமாளி.

நடத்துனர் எழுந்து, நிறைமாதக்காரியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவுக்கு ஓடினார்.

"மாப்ள, இறங்கு."

"நீதானே ஊதின?" மாப்பிள்ளையின் நாக்கு குழறியது. நல்ல வெயிலிலும் கண்மணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது.

"நான் ஊதல. இறங்குடா, உன் கால்ல விழறேன்."

"வேலை போயிடும் மச்சான். உன் தங்கச்சி தெருவுல நிப்பா. பரவாயில்லையா?"

வண்டிக்குள் நாற்பது பேர். "என்னப்பா, மாமன் மச்சான் சண்டைய வீட்டுல வெச்சுக்கங்க!" என்று ஒருவர் கத்தினார். சத்தம் கேட்டுப் பேருந்து நிலைய நேரக்காப்பாளர் பேனாவும் கையுமாக வந்துவிட்டார்.

"இவரால இன்னிக்கு ஓட்ட முடியாது சார்" என்றார் நடத்துனர்.

"ஏன்? என்ன ஆச்சு?"

பதில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தது. "மாத்திரை போடறது அவன்தான் சார். அவன் பையைப் பாருங்க. மருந்துச் சீட்டுல யார் பேருன்னு பாருங்க."

நடத்துனருக்குக் காதில் ஈயத்தை ஊற்றியதுபோல் இருந்தது. பதினோரு வருஷச் சிநேகம்! ஆனால் சீட்டில் இருப்பது அவர் பெயர்தானே, எதைச் சொல்லி மறுப்பது? நேரக்காப்பாளர் கையை நீட்டினார். நடத்துனர் அட்டையை அந்தக் கையில் வைத்தார்.

"ஆமா சார், என் பேர்லதான் வாங்கினேன். காலையில அவருக்கு ஒண்ணு குடுத்தேன்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஒன்றுக்கு இப்படிக் கண் செருகாதே? தங்கைக்குப் போன் போட்டார்.

"நான் குடுத்த மாத்திரை போக, காலையில மாப்ள வேற ஏதாவது போட்டாரா?"

"இல்லியே அண்ணா."

"உண்மையைச் சொல்லு. இங்க கண்ணு சொருகுது."

தங்கை அழ ஆரம்பித்தாள். "வலி தாங்கலன்னு சுவத்துல முட்டிக்கிட்டாரு அண்ணா. அம்மாவோடதுல மூணு குடுத்தேன். நீயும் குடுக்கிறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மாவுக்குப் புற்று. தங்கை வீட்டில்தான் படுத்திருக்கிறாள். "மாத்திரை கேக்கவே மாட்டேங்குதுடா" என்று ஒரு மாதமாக அவள் முனகுவதை நடத்துனர் வயசின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் மாத்திரை ஒரு மாதமாக எங்கே போனது என்று இப்போது புரிந்தது. "அடிப் பாவி" என்றார். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அப்போது ஹாரன் விடாமல் அடித்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

நாலு பேர் சேர்ந்து இறக்கிப் படுக்க வைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நடத்துனர் மூக்கருகே விரலை வைத்தார். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா வராதா என்று காத்திருப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "மூச்சு விடு மாப்ள, டேய், விடுடா" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். தரையில் போட்ட போனை அணைக்கத் தோன்றவில்லை.

நேரக்காப்பாளர் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து குதித்த பெண் பையைத் திறந்தபடியே கேட்டாள்.

"எத்தனை மாத்திரை? என்ன பவர்?"

நடத்துனர் வாய் திறப்பதற்குள் தரையில் கிடந்த போனிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணா, நான் குடுத்ததைச் சொல்லாத. அம்மாவோடதுன்னு மட்டும் சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நேரக்காப்பாளர் குறிப்பேட்டோடு நின்றார்.

"நாலு" என்றார் நடத்துனர். "என்னோடது ஒண்ணு. எங்கம்மாவோட கேன்சர் மாத்திரை மூணு, என் தங்கச்சி குடுத்தது. அது பவர் ஜாஸ்தி."

அந்தப் பெண் அளவைக் கூட்டி முறிவு ஊசி போட்டாள். இரண்டு நிமிஷம் கழித்து மாப்பிள்ளையின் மார்பு நன்றாக ஏறி இறங்கியது. கண் திறந்து, யாரையோ தேடுகிறவர்போல விழித்தார். நடத்துனர் போனை எடுத்து, "பிழைச்சிட்டார்மா, உன் வீட்டுக்காரர் பிழைச்சிட்டார்" என்று கத்தினார்.

தங்கை எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தாள்.