மரத்துப்போன ஒரு சாண்

இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை முடிந்து நாலு வாரம் ஆகியிருந்தது. வலிக்கும் என்று டீச்சருக்கு முன்பே தெரியும். எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, தும்மினால்கூட இடுப்புக்குள் ஒரு சுருக். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அவரைப் பாடாய்ப் படுத்தியது வலிக்காத இடம்.

வலது தொடையின் வெளிப்பக்கம், தையலை ஒட்டி, ஒரு சாண் அளவுக்கு மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை.

வேறு வேலையில் இருப்பவராயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். டீச்சர் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தால் கற்றுக்கொள்பவர்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவருடைய வலது கால்தான் வண்டியை நிறுத்தும். ஊரில் பாதிப் பேர் முழுசாக நடமாடுவது அந்தக் காலின் புண்ணியம் என்று கணவர் உயிரோடு இருந்தவரை கேலி செய்வார்.

மரப்பு பாதம்வரை இறங்கிவிட்டால்? மிதித்தோமா இல்லையா என்றே தெரியாமல் போனால்? தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தொடையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, உணர்ச்சி நின்றுபோகும் இடத்தில் பேனாவால் கோடு போட்டார். குளித்தால் கோடு பாதி அழிந்துவிடும். மறுநாள் போட்ட கோடு கீழே இறங்கியிருக்கிறதா, நேற்று போட்டதுதான் கோணலா என்று புரியாமல் மறுபடி தட்டிப் பார்ப்பார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுபடி வெட்டித் திறப்பார்கள் என்று பயம். கூட இருந்து பார்த்துக்கொள்ளத் தபால் நிலையத்தில் லீவு போட்டுவிட்டு வந்திருந்த தங்கையோ, காரை விற்றுவிடலாமே என்று ஏற்கெனவே இரண்டு தடவை ஆரம்பித்திருந்தாள்.

அன்று மத்தியானம் தங்கை வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, டீச்சரின் முதுகுக்குக் கீழே வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். இதமாக இருந்ததில் டீச்சர் கண்ணயர்ந்தார். துண்டு நழுவி, பை சரிந்து, மரத்த தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. விழித்தபோது அதை ஒதுக்கி வைத்ததோடு சரி. மறுநாள் காலை, விலகிக் கிடந்த நைட்டியை இழுத்துவிடக் குனிந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு நீர்க்கொப்புளம். அதைச் சுற்றி நீலமும் கறுப்புமாகப் பேனாக் கோடுகள்.

"அக்கா, இவ்வளவு சுட்டிருக்கே. உனக்குத் தெரியலயா?"

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல. ஆபரேஷன் ஆனதிலிருந்தே அங்க எதுவும் தெரியல."

"இந்தக் கோடு?"

"பரவுதான்னு பாக்க."

தங்கை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

டாக்டருக்குக் கொப்புளத்தைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. புது மூட்டுக்குப் பக்கத்தில் புண் சீழ் பிடித்தால் பெரிய வம்பு என்றார். மரத்த இடத்தில் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம் என்று கண்டித்தார். மரப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. வெட்டும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் அறுபடுமாம். காலை அசைக்கும் நரம்பு வேறாம். கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பலாம், ஓரிடம் மட்டும் மரத்தே நின்றும் போகலாம்.

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. பிரேக் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் சக்கரம் வைத்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அவருடைய உள்ளங்காலில் தன் உள்ளங்கையை வைத்தார்.

"மிதிங்க."

டீச்சர் பயந்துகொண்டே அழுத்தினார்.

"இவ்வளவுதானா? லாரி வருதுன்னு நினைச்சுக்குங்க."

நாற்காலி டாக்டரோடு பின்னால் உருண்டு போய் அலமாரியில் முட்டியது. தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் தெர்மாமீட்டரும் கையுமாகக் கழிந்தது. உடம்பு லேசாகச் சுட்டாலும் சீழ்தானோ என்று மறுபடி வைத்துப் பார்ப்பார். புண் ஆறியது. அது ஆறும்போதே தொடையின் ஓரங்களில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுத்தது. அது நல்லதா கெட்டதா என்று அதற்கும் ஒரு பயம். நல்லதுதான் என்று டாக்டர் சொன்னார். லீவு முடிந்து தங்கை கிளம்பிப் போன சமயம், மரப்பு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதற்குமேல் சுருங்கவில்லை.

மூன்றரை மாதம் கழித்து, டாக்டரின் அனுமதியோடு டீச்சர் வேலைக்குத் திரும்பினார். காலி மைதானம் ஒன்றில் ஒரு மணி நேரப் பாடம். முடிந்து இறங்கும்போது இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. காரில் சாய்ந்தபடியே தங்கைக்குப் போன் போட்டு, எங்கெங்கே வலிக்கிறது, எங்கே தெரியவே இல்லை என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். கவுன்ட்டரில் வரிசை நிற்கிறது, சீக்கிரம் சொல்லு என்றாள் தங்கை.