பாய் எரித்த வாரம்

ஆறு நாளாகச் சுப்பண்ணன் குழந்தையைத் தூக்கவில்லை. அவன் மனைவி தெய்வாத்தாள் முதல் நாள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கண்ணில் பட்டது. மூன்றாம் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. மில்லில் பஞ்சு நிறுக்கிற இடத்தில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் சைக்கிளைச் சாத்துவதற்கு முன்பே, "எங்க என்ற ராசாத்தி?" என்று மகளைத் தேடிக்கொண்டுதான் வருவான். எட்டு மாதக் குழந்தையும் சைக்கிள் மணி கேட்டாலே கையையும் காலையும் உதறும். இப்போதும் மணி அடிக்கிறது, குழந்தை உதறுகிறது. அவன் மட்டும் நேரே கிணற்றடிக்குப் போய்விடுகிறான். குளித்துவிட்டு வந்து, கொட்டகையின் அந்தக் கோடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். படுக்கையும் அங்கேதான்.

கோயமுத்தூரில் பிளேக் வந்து, அவர்கள் தெருவில் எலி செத்து விழுந்ததும், எல்லோரையும் போல வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் அவர்கள். சுப்பண்ணனின் மாமனுக்குச் சரவணம்பட்டியில் தோட்டம் இருந்தது. சோளத்தட்டு வேய்ந்த ஒரு கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். அங்கே வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தெய்வாத்தாள் வந்த வாரமே பிளேக் ஊசி போட்டுக்கொண்டாள். கைக்குழந்தைக்குப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "சுத்தி இருக்கறவங்க போட்டுக்குங்க. அதுதான் குழந்தைக்குக் காப்பு" என்றார். அந்த வார்த்தையை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். சுப்பண்ணன்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

மாசியில் சாவு குறைந்தது. குறைந்ததுதான் தாமதம், கிரிக்கெட் பேச்சு வந்துவிட்டது.

பேட்டை கிளப்புக்குக் கேப்டன் மருதாசலம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். கோடு போட்டால் கோணாமல் போட வேண்டும், பேசினால் பேச்சு மாறக்கூடாது என்று இருப்பவர். ஈரோட்டு டீமோடு ஆட்டம் வைக்கச் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். இன்ஸ்பெக்டர் ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினொரு பேரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், எலி விழுந்த வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது, அவரவர் தண்ணீரை அவரவர் கொண்டுவர வேண்டும், பஞ்சுக் குடோனில் சுருட்டி வைத்திருக்கும் ஆட்டப் பாயை வெளியே எடுத்து மூன்று நாள் வெயிலில் போட வேண்டும் என்றார். அந்தத் தென்னைநார்ப் பாயை ஆடுகளத்தில் விரித்து ஆணி அடித்துத்தான் அவர்கள் ஆடுவது.

ஊசி என்றதும் சுப்பண்ணனின் முகம் வாடிவிட்டது. முந்தைய பிளேக்கின்போது அங்கப்பன் என்ற பவுலருக்கு ஊசி போட்ட இடம் புரையோடி, அதற்கப்புறம் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியாமல் போயிற்று. கிளப்பில் இப்போது வேகமாகப் பந்து போடுகிறவன் சுப்பண்ணன் ஒருவன்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்விட்டு வந்தான். "போட்டாச்சு. டாக்டர் குடுத்த சீட்டையும் வாத்தியார்கிட்டக் குடுத்தாச்சு" என்றான். தெய்வாத்தாளுக்கு மனம் லேசாயிற்று. அன்று சாயங்காலம் மாமன் வீட்டுத் தொட்டிக்கு அவனே பதினைந்து குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினான். ஆம்பளை உடம்பு வேறுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சுப்பண்ணனும் மற்ற கிளப் ஆட்களும் பாயைப் பிரித்தார்கள். உள் சுருளில் இரண்டு எலிகள் செத்துக் கிடந்தன. மருதாசலம் பாயோடு சேர்த்துச் சீமெண்ணெய் ஊற்றி எரித்தார். வேறு பாய் இரவல் வாங்கினார்கள். ஊசி போட்டாயிற்று, பயமில்லை என்று, கை வலி தாங்கினவர்களை வைத்து அன்றைக்கே பயிற்சியும் நடந்தது.

அன்றிலிருந்துதான் சுப்பண்ணன் சாக்குக்குப் போனது.

"ஏனுங்க, பாப்பா உங்களையே பாக்குதுங்க."

"பாக்கட்டும்."

"தூக்கினாத்தான் என்னுங்க?"

"பாய்க்குள்ள எலி கெடந்துதுன்னு சொன்னனில்ல. பத்து நாள் போகட்டும் அம்மணி."

"அதுக்குத்தானுங்களே ஊசி?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

சரி, பயந்த சுபாவம், பிள்ளை மேல் பாசம் என்று விட்டிருப்பாள். வியாழக்கிழமை மருதாசலம் அந்தப் பக்கம் வந்தார். சைக்கிள் பாரில் அவருடைய சின்ன மகள் உட்கார்ந்திருந்தாள். அவரும் பாயைப் பிரித்தவர்தான். மகளைத் தூக்கி இறக்கினார், மூக்கைத் துடைத்துவிட்டார், மறுபடி தூக்கி உட்கார வைத்தார். தெய்வாத்தாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம கீப்பருக்குக் காய்ச்சலம்மா" என்றார் மருதாசலம். "ஊசிக் காய்ச்சல்ங்கிறான். எங்களுக்கெல்லாம் ரெண்டு நாள்ல விட்டுப்போச்சு. இவனுக்கு நாலாவது நாளாக் கொதிக்குது. அக்குள்ல கட்டி வேற. எனக்கென்னமோ அந்த எலி மேலதான் சந்தேகம். உன்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி வை, அங்க போக வேண்டாம்னு."

கீப்பர் என்றால் அப்துல் குத்தூஸ். கோட்டைமேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். சுப்பண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சுப்பண்ணன் போடும் பந்தை அவன் ஒருவன்தான் கைநழுவாமல் பிடிப்பான். இருவரும் சேர்ந்தால் வாய் மூடாது.

தெய்வாத்தாளுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. இந்த மனிதர் நாலு நாளாக ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். துணியில் நோய் வீட்டில் புகைக்கிற சாம்பிராணி வாசம். சாயங்காலம் அவன் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"குத்தூஸ் அண்ணன் ஊட்டுக்குப் போனீங்களா?"

"வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தேன்."

"தெனமுமா?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. ஊசிக் காய்ச்சல்."

"ஒண்ணுமில்லைன்னா நீங்க ஏன் பாப்பாகிட்ட வர மாட்டேங்கறீங்க?"

அவன் சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அவள் அவன் துணிகளைக் குச்சியால் எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். அவன் அதையும் தடுக்கவில்லை. தடுக்காததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவன் எழுந்து நடந்தால் கால் தாங்குகிறதா என்று பார்த்தாள். தொடையிடுக்கில் நெறி கட்டியவர்கள் எப்படி நடப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருமினால் எண்ணினாள். குழந்தையின் நெற்றியைப் பொழுதுக்கும் தொட்டுப் பார்த்ததில் குழந்தைக்கே சலித்துப்போய் அவள் கையைத் தட்டிவிட்டது.

ஆறாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், வேலிக்கு வெளியே வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. குத்தூஸின் மனைவி பக்ருன்னிசா. குழந்தை பிறந்தபோது வந்து, மடியில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள்.

"அக்கா, உள்ள வரலீங்க. இங்கயே நிக்கறேன்."

"அங்கயே நில்லு கண்ணு" என்றாள் தெய்வாத்தாள். சொன்னபின் நாக்கு கசந்தது. ஆனாலும் வேலிப் படலைத் திறக்கவில்லை.

"நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டரு வண்டி கொண்டாந்து அவுங்களப் பிளேக் கேம்புக்குக் கூட்டிட்டுப் போறாராம். ஊட்டுக் கூரை ஓடெல்லாம் பிரிச்சுப்போட்டு மருந்தடிப்பாங்களாம். கடையையும் பூட்டிப்போட்டாங்க. தண்ணிக்காரன் தெருவுக்கே வர்றதில்ல. அவுங்களுக்கு அந்த நோவு இல்லீன்னாலும் கேம்புல போய்ப் படுத்தா ஒட்டிக்காதுங்களாக்கா?"

"டாக்டருங்க பாத்துத்தானே சொல்லுவாங்க?"

"டாக்டரு எங்க வந்தாரு? இன்ஸ்பெக்டரு வாசல்ல நின்னு எட்டிப் பாத்ததோட சரி." அவள் துப்பட்டியால் முகத்தைத் துடைத்தாள். "சுப்பண்ணன்கிட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசச் சொல்லலாமான்னு கேட்டேன். 'அவனத் தொந்தரவு பண்ணாதே, அவன் பேரையே எடுக்காதே'ன்னு எரிஞ்சு விழறாங்க. ஒரு வார்த்தை பேசறதுல என்னக்கா தொந்தரவு? அதுதான் எனக்கு இடிக்குது. அதான் சொல்லாம வந்தேன்."

தெய்வாத்தாளுக்கும் அது இடித்தது.

"கட்டி எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமுங்க. ஊசி போட்ட எடத்துல ரெண்டு கையும் எலுமிச்சங்கா கணக்கா வீங்கிக் கெடக்குது. ஒரு டம்ளரைப் புடிக்க முடியல. நான்தான் ஊட்டறேன்."

"ரெண்டு கையிலயுமா ஊசி போட்டாங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கூட்டத்துல டாக்டரு மறந்துபோட்டு ரெண்டாந்தரம் குத்திட்டாராம். சிரிக்கிறாங்க அந்தக் காய்ச்சல்லயும். 'ரெண்டு ஊசின்னா ரெண்டு மடங்கு காப்பு, நீ சும்மா இரு'ங்கறாங்க."

பக்ருன்னிசா போன பிறகு தெய்வாத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் மறப்பாரா? ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, ஊசி போட்டு, சீட்டுக் கொடுத்து அனுப்புகிறவர். பெயர்தான் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது.

அவளுக்கு ஊசி போட்டபோது நாலு நாள் கையைத் தூக்க முடியவில்லை. ஜாக்கெட்டை மாமன் மனைவிதான் மாட்டிவிட்டாள். போட்ட இடத்தில் இன்னும் ஒரு புளியங்கொட்டை அளவு கல் மாதிரி இருக்கிறது. இவர் அன்று சாயங்காலமே பதினைந்து குடம் இறைத்தார். மறுநாள் பந்து போட்டார்.

அன்று அவன் வந்து கிணற்றடியில் குளிக்கும்போது துண்டை எடுத்துக்கொண்டு போனாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். தண்ணீர் வழிந்தது. வேறொன்றும் இல்லை.

"என்ன அம்மணி?"

"துண்டுங்க" என்றாள்.

கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஊசி போடாத உடம்போடு செத்த எலி கிடந்த பாயைப் பிரித்தவன் அவன். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கேம்புக்குப் போக வேண்டியவன் அவனாகிவிடுவான். சொல்லாவிட்டால் குத்தூஸ் போவான். இன்னும் நாலு நாள் சாக்கில் கிடந்துவிட்டால் இவனுக்குக் கெடு தாண்டிவிடும், குழந்தைக்கும் பயமில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. கணக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் கணக்கை அவன் ஆறு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மருதாசலமும் இன்ஸ்பெக்டரும் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் காக்கித் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். வேலிக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"நீங்க அந்தக் குத்தூஸ் வீட்டுக்குத் தினமும் போனீங்களாமே?"

"ஆமாங்க" என்றான் சுப்பண்ணன்.

"உங்களுக்குக் காய்ச்சல் உண்டா?"

"இல்லீங்க."

"இவனுக்கென்னங்க" என்று மருதாசலம் குறுக்கே வந்தார். "ஊசி போட்ட மறுநாளே இருபது ஓவர் போட்டவன். உடம்பா அது? இரும்பு. குத்தூஸும்தான் ஊசி போட்டான், சுருண்டுபோட்டான். இருந்த நல்ல கீப்பரு அவன் ஒருத்தன், இனி ஈரோட்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?"

"ஆட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ஆளை அப்புறப்படுத்தணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "இங்கிருந்து நேரே கோட்டைமேட்டுக்குத்தான். நீங்க பத்து நாளைக்கு டவுன் பக்கம் வராம இருங்க. அது போதும்."

சுப்பண்ணன் தலையை ஆட்டினான். ஜட்காக்காரன் குதிரையைத் திருப்பினான். மருதாசலம் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டார்.

தெய்வாத்தாள் கொட்டகை வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அயலார் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "கேளம்மா."

"ஒரே ஆளு ரெண்டு கையிலயும் ரெண்டு ஊசி போட்டுக்கிட்டா, ரெண்டு அக்குள்லயும் கட்டி வருமுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வரலாம். காய்ச்சலும் சீக்கிரம் விடாது. ஆனா எந்த மடையன்மா ரெண்டு போட்டுக்குவான்?"

மருதாசலம் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார். தெய்வாத்தாள் தன் புருஷன் பக்கம் பார்க்கவில்லை. குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே நின்றாள். குதிரை ஒரு தடவை கனைத்தது.

"அவன் மடையனில்லீங்க" என்றான் சுப்பண்ணன். "என்ற கை வீணாப்போயிரக் கூடாதுன்னு, குல்லாயைக் கழட்டிப்போட்டு என்ற உருமாலைத் தலையில கட்டிக்கிட்டு, என்ற பேரைக் கூப்பிட்டப்ப அவன்தான் போய் நின்னானுங்க. எனக்கு ஊசியே போடலீங்க."