இடுப்பில் கட்டிய பெட்டி

பலாங்கொடைக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் சந்தியையும் தாண்டி இருந்த தேயிலைத் தோட்டத்தில் ஷாமிளா கொழுந்தெடுத்தாள். அவள் நீட்டிப் படுத்துத் தூங்கிச் சில வருஷங்களாகிவிட்டன. தலையைச் சாய்த்தால் போதும், வயிற்றிலிருந்து புளித்த தண்ணீர் ஏறிவந்து நெஞ்சையும் தொண்டையையும் எரிக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள். தோட்டத்து மருந்தகத்தில் எப்போது போனாலும் ஒரே மாத்திரைதான். நேரத்துக்குச் சாப்பிடு என்ற ஒரே பேச்சுதான். மலையில் குனிந்து நிற்கும்போதுதான் எரிச்சல் கூடுகிறது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் அவள் கணவன் சுரேந்திரன் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கெமரா விட்டுப் பார்த்தார்கள். பெரிய புண் ஒன்றும் இல்லை. ஆனாலும் நூரியா என்ற டொக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

"இந்த சின்ன கெப்சூல உங்க உணவுக்குழாய்ல ஒட்டி விடுவோம். எவ்வளவு அமிலம் மேல வருதுன்னு அது வயர் இல்லாமலே நாலு நாளைக்கு இந்தப் பெட்டிக்கு அனுப்பும். நெஞ்சு எரியும்போது பட்டனை அமத்துங்க. பெட்டி மட்டும் உங்கள விட்டு கையெட்டுற தூரத்துக்கு மேல போகக்கூடாது."

"வீட்ல படுத்துக்கணுமாங்க?"

"வேணாம். எப்பவும் போல வேலைக்குப் போங்க. அப்பதான் சரியா தெரியும். அமிலம்தான்னு நிச்சயமானா ஒப்பரேஷனுக்குப் பேர் போடலாம். கெப்சூலப் பத்தி பயப்படாதீங்க, அது தானா விழுந்து வெளிய போயிரும்."

அன்றே ஒட்டினார்கள். ஊர் திரும்பியதும் ஷாமிளா பெட்டியை லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவில் இருந்த மருதாயியிடம் காட்டினாள். மருதாயி, சுரேந்திரனின் அண்ணன் மனைவி. ஷாமிளா மனம்விட்டுப் பேசுவது அவளிடம் மட்டும்தான். டொக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னாள்.

"இத்தன நாளா யாரும் நம்பலக்கா. இனி இந்தப் பெட்டி சொல்லும்."

மறுநாள் காலையில் பெட்டியை இடுப்பில் கட்டி, அதன்மேல் இடுப்புச் சாக்கான படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். குனிந்து கொழுந்தைக் கிள்ளக் கிள்ள நெஞ்சு எரிந்தது. எரிந்தபோதெல்லாம் பட்டனை அமத்தினாள். எரிவதில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

தோட்டத்தில் அப்போது வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நிறையைக் குறைப்பதை யாரோ போனில் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். பிடித்தது மருதாயியின் மகன் என்று பேச்சு. மலை வேலையை மேற்பார்க்கும் பீல்ட் ஒபிசர் லயத்துக்கே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

பகல் நிறுவைக்கு ஷாமிளா மடுவத்தில் நின்றபோது அவர் காவல்காரனோடு நேராக அவளிடம் வந்தார். படங்கை விலக்கச் சொன்னார். பெட்டியில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது.

"மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டவர், உடனே தமிழுக்கு மாறினார். "இது என்ன? ரெக்கோட் பண்றியா?"

"இல்லீங்க ஐயா. ஆஸ்பத்திரிப் பெட்டிங்க. என் நெஞ்சுக்குள்ள ஒரு கெப்சூல் ஒட்டியிருக்காங்க. அது இந்தப் பெட்டிக்கு..."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சொல்லும்போது அவளுக்கே அது பொய் போலக் கேட்டது.

"டொக்டருக்கு போன் போட்டுக் கேளுங்கய்யா."

"தொரை வரட்டும், கேப்போம்."

காவல்காரன் பட்டியை அவிழ்த்தான். ஒபிசர் பெட்டியை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். "ஐயா, அது என்னவிட்டுப் போகக்கூடாதுங்க!" என்று கத்திக்கொண்டே ஷாமிளா பின்னால் ஓடினாள்.

தோட்டத்து ஒப்பீஸில் இரும்பு அலுமாரிக்குள் பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். அலுமாரி எந்தச் சுவரோரம் இருக்கிறது என்று கேட்டறிந்து, வெளியே அந்தச் சுவரோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவரைத் தாண்டியாவது போய்ச் சேராதா என்று நினைத்தாள். வெயில் இறங்கும்வரை நின்றாள். கேட்டைப் பூட்ட வந்த காவல்காரன் விரட்டிவிட்டான்.

சுரேந்திரன் டொக்டருக்குச் சொன்னான். டொக்டர் ஒப்பீஸுக்குப் பேசினார். தோட்டத்து மேனேஜரான தொரை கண்டிக்குப் போயிருந்தார். அவர் திரும்பிய பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. அதற்குள் சோதனைக்கு உரிய நாட்கள் முடிந்துவிட்டன.

"முதல்லயே வெளங்கிற மாதிரி சொல்லியிருக்கலாமே" என்றார் ஒபிசர்.

கொழும்பில் பெட்டியைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்த நூரியா டொக்டரின் முகம் சுருங்கியது. மலையில் வேலை செய்த நேரத்தில் அரை நாள் மட்டும்தான் பதிவாகியிருந்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். மறுபடி ஒட்டலாம் என்றால் ஆஸ்பத்திரியில் கெப்சூல் தீர்ந்துவிட்டது, அடுத்தது எப்போது வருமென்று தெரியாது.

"அதுவரைக்கும் மாத்திரைய விடாதீங்க. குனிஞ்சு வேலை செய்யாதீங்க. பாரம் தூக்காதீங்க."

"அப்ப நான் என்ன வேலைக்குப் போறதுங்க?"

டொக்டர் பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில், காவல்காரனிடம் கேட்டறிந்ததைச் சுரேந்திரன் சொன்னான். "ஷாமிளா ரெக்கோடர் கட்டியிருக்கான்னு ஒபிசர்கிட்ட சொன்னது நம்ம அண்ணிதான்."

இறங்கிய கையோடு ஷாமிளா மருதாயியின் வாசலில் போய் நின்றாள்.

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்லக்கா. உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

மருதாயி மறுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ளைய பொலிஸ்ல குடுக்கப்போறோம்னாங்க. அவனக் காப்பாத்த உன் பேரச் சொல்லிட்டேன். உனக்கு ஆஸ்பத்திரிச் சாட்சி இருக்கு, கேட்டுட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"விட்டுட்டாங்க" என்றாள் ஷாமிளா.

அடுத்த வாரம் தொழிற்சங்கத்துத் தலைவர் வந்தார். பெட்டியைப் பறித்ததைப் பற்றி மேலிடத்தில் முறையிடலாம், ஆனால் யார் காட்டிக்கொடுத்தது, ஏன் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். "சொல்லு" என்றான் சுரேந்திரன். அவள் வாயே திறக்கவில்லை. பாசத்தால் அல்ல. சொன்னால் அந்தப் பையன் அகப்படுவான். அதற்குப் பிறகும் கெப்சூல் வராது, மலையில் குனியாமலும் இருக்க முடியாது. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, உண்மையிலேயே ஏதோ பதிவு செய்திருக்கிறாள் என்று லயத்தில் சிலர் முடிவு கட்டினார்கள்.

பையன் பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். மருதாயி இப்போதும் கறி வைத்தால் ஒரு கோப்பையில் கொண்டுவந்து கொடுப்பாள். ஷாமிளா வாங்கிச் சுரேந்திரன் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

"நீயும் கொஞ்சம் சாப்பிடு தங்கச்சி" என்பாள் மருதாயி.

"எனக்கு ஒத்துக்காதுங்க" என்பாள் ஷாமிளா. அக்கா என்று அவளைக் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.