புட்ரெஸ்ட் உரசிய வளைவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பைக் பட்டறையில் கிடைத்தது. ஆயில் மாற்றக் காத்திருந்தேன். எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவன் தன் ஸ்போர்ட் பைக்கைக் கொடுத்துவிட்டு, தாழ்ந்த சீட்டும் அகன்ற ஹேண்டிலுமாக ஒரு குரூசரை எடுக்க வந்தான்.

"ராக்கெட்ட விட்டுட்டுக் கட்டில்ல ஏறுறீங்களே சார்?" என்றார் மெக்கானிக்.

"முதுகு வலிண்ணே."

சொன்னபோது அவன் கை முதுகுக்குப் போகவில்லை, நெஞ்சுக்குப் போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

வேகத்தின் மேல் அவனுக்குத் தீராத காதல்

(இதை அடித்துவிட்டேன். காதல் இல்லை. நாளெல்லாம் ஊரார் எலும்பு முறிவைப் பார்க்கிறவன் அவன். தன் எலும்பு முறியாது என்று நம்ப அவனுக்கு அந்த வேகம் தேவைப்பட்டது.)

ஒரு காலை, ஆளில்லாத நேர்ச்சாலையில், ஹேண்டில் தானாக உதறத் தொடங்கியது. பிடிக்கப் பிடிக்க இன்னும் உதறியது. பிறகு, வந்த மாதிரியே நின்றுவிட்டது. அவன் விழவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. காட்டிக்கொள்ளக் காயம் இல்லாததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அதன்பின் சாப்பிடும்போது தட்டு லேசாக ஆடினாலே உள்ளங்கை வியர்த்தது.

மனைவியிடமும் முதுகு வலி என்றே சொன்னான்.

3

"இப்பத்தான் மனுஷங்க உக்கார்ற வண்டியா வாங்கியிருக்கீங்க," என்று அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பழைய வண்டியில் ஒருநாளும் ஏறாதவள். தோளில் கைவைத்து ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

மலைச்சாலையின் முதல் வளைவில் பழக்கதோஷம் அவனை ஏமாற்றியது. பழைய வண்டியைச் சாய்ப்பதுபோலச் சாய்த்தான். கால் வைக்கும் தாழ்ந்த புட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசிக் கிறீச்சிட்டது. அவன் வெலவெலத்து வண்டியை நிமிர்த்திவிட்டான். நிமிர்ந்த வண்டி நேரே எதிர்ப்பக்கத்துக்குப் போனது. எதிரே லாரி.

(இங்கே இரண்டு நாள் நின்றேன். ஒரு பிரதியில் லாரிக்காரர் சாமர்த்தியமாக ஒதுங்கினார். அது எனக்கே நம்பும்படி இல்லை. இன்னொன்றில் அவள்... வேண்டாம். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

"சாயுங்க! சாயுங்க!" என்று கத்தியபடி அவளே வளைவின் உள்பக்கம் சாய்ந்தாள். அவனும் சாய்ந்தான். புட்ரெஸ்ட் மறுபடி அலறியது. லாரியின் காற்று முகத்தில் அறைந்துவிட்டுப் போனது.

4

சாலையோரம் வண்டி நின்றது. நின்ற பிறகும் அவன் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அந்தக் கையையே பார்த்தாள்.

"முதுகு வலின்னீங்க?"

"பயம்," என்றான். "வண்டிய மாத்தினாப் போயிரும்னு நெனச்சேன்."

"என்னையும் ஏத்திக்கிட்டா நெனச்சீங்க?"

அவன் கீழே இறங்கும் சாலையைப் பார்த்தான். வீடு மலைக்குக் கீழே. போனால் அதே வளைவு வழியாகத்தான் போக வேண்டும். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ் வரும் நேரம் இருவருக்கும் தெரியாது.

ஒரு பிரதியில் அவளை ஏற வைத்துப் பார்த்தேன்: அது அன்பா, வேறு வழியில்லாததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றில் அவளை நடக்க வைத்தேன்: அவன் தனியாக அந்த வளைவில் இறங்குவதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவன் எதைச் சொன்னால் அவள் ஏறலாம், எதைச் சொன்னால் ஏறவே கூடாது என்று அவள் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். உங்களை நம்பி ஒருவர் ஏறினால் எப்படியிருக்கும் என்பதையும் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.